கடை வாசலில் நின்றவர்

மதுரையிலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இராசபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களைக் கடந்து தென்காசியை நெருங்குகையில் கடையநல்லூர் வருகிறது. சாரல் காலத்தில் குற்றாலம் செல்வோர் பலர் இவ்வூரைப் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருப்பர். மேற்கே மலை, அடிவாரத்தில் குளங்களும் வயல்களும், சாலையின் இருமருங்கிலும் கடைகள், பள்ளிவாசல்களின் மினாராக்கள், உள்தெருக்களில் தறிக்குப் பேர்போன வீடுகள். கடந்து செல்பவரின் கண்ணில் இவ்வளவே படும். ஓர் ஊரைக் கடந்து செல்வதற்கும், அவ்வூரில் நின்று அதன் முகத்தை உற்றுப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. பழைய நிழற்படங்கள் நம்மை நிற்கச் செய்கின்றன. நின்றபின் நாம் எதைப் பார்க்கிறோம், எதைப் பாராமல் விடுகிறோம் என்பதையே இங்கு வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில், பங்குத் திருவிழாவையொட்டி இளைஞர்கள் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பழைய கட்டடங்கள், கடைகள் ஆகியவற்றின் நிழற்படங்களைச் சேகரித்துப் பங்குக் கூடத்தில் மூன்று நாள் காட்சிக்கு வைப்பது என முடிவாயிற்று. இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் எனப் பாராமல் வீடு வீடாகச் சென்று கேட்டனர். மக்களும் மனமுவந்து கொடுத்தனர். 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர் – தென்காசி இருப்புப் பாதையில் அமைந்த ஊர் நிலையம், ஓட்டுக்கூரை வேய்ந்த கடை வரிசை, அரிசி ஆலை, லுங்கிக் கடை, வாடகை மிதிவண்டி நிலையம், திரைச்சீலையில் அருவி தீட்டப்பட்ட ஒரு நிழற்படக் கூடம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றுள் பல கட்டடங்கள் இன்று இல்லை. சாலை அகலப்பட்டபோது சில போயின; பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது சில போயின; மற்றவை கான்கிரீட்டுக்கு இடம் கொடுத்து ஒதுங்கின.

அப்படங்களுள் ஒன்று ஒரு தேநீர்க் கடையினுடையது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட படம் என்றார்கள். ஓட்டுச் சாய்ப்பு, பலகைக் கதவு, பித்தளைப் பாய்லர், நீண்ட விசுப்பலகை. வெள்ளைச் சட்டையணிந்த கடைக்காரர் கல்லாவின் அருகே நிமிர்ந்து நிற்கிறார். பலகையில் நான்கைந்து பேர் குவளையோடு அமர்ந்திருக்கின்றனர். படத்தின் இடது ஓரத்தில், சாய்ப்பின் நிழலுக்கும் வெளியே, தலையில் சுமையோடு ஓர் உருவம் மங்கலாகத் தெரிகிறது. படம் எடுக்கும் நொடியில் அவர் அசைந்திருக்க வேண்டும். முகம் தெரியவில்லை.

படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த மாலையில் எமது பங்கைச் சேர்ந்த ஒரு முதியவர் தம் பேத்தியோடு வந்தார். எண்பதைக் கடந்தவர். இளமையில் இரயில் நிலையத்திலிருந்து நூல் பேல்களைச் சுமந்து தறிக்காரர் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர். அவருடைய தந்தையும் அதே தொழில் செய்தவர். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "இந்தக் கடை தெரியுமா, பெரியவரே?" என்று கேட்டோம்.

"நல்லாத் தெரியும் சாமி. ஆனா உள்ள எப்படி இருக்கும்னுதான் தெரியாது" என்றார்.

வாசகர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. அவர் பிறந்த தெருவைச் சேர்ந்தவர்கள் அக்கடையின் பலகையில் அமர்ந்ததில்லை. அவர்களுக்கென்று சாய்ப்பின் வெளிக்கம்பில் தனிக் குவளைகள் தொங்கின. குடித்தபின் அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஓரத்தில் மங்கலாகத் தெரியும் அவ்வுருவத்தைச் சுட்டிக்காட்டினோம். "அது நானாவும் இருக்கலாம், எங்க அப்பாவாவும் இருக்கலாம். எங்கள்ல ஒருத்தர்தான்" என்றார். சற்று நின்று, "டீ மட்டும் ருசியா இருக்கும் சாமி" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. பழமையின் இனிமையைப் போற்றவென்று நாம் தொடங்கிய முயற்சி, நாம் எதிர்பாராத ஒரு கேள்வியை நம்முன் வைத்துவிட்டது. ஊரின் பெருமை என்று நாம் சுவரில் மாட்டப்போகும் இப்படம் யாருடைய நினைவு? அமர்ந்திருந்தவர்களின் நினைவா, வெளியே நின்றவரின் நினைவா? ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே நாள். எனினும் நினைவுகள் இரண்டு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காட்சிக்கு வைப்பது நேர்மையாகுமா?

நிழற்படக் கலை தோன்றிய வரலாற்றையே இக்கேள்வியோடு சேர்த்துப் பார்ப்பது தகும். இன்று எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழைய நிழற்படம் பிரான்சு நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. அதில் தெரிபவை கூரைகளும் சுவர்களுமே. கட்டடங்கள் அசைவதில்லை, எனவே அக்காலக் கருவிக்கு உகந்தவை அவையே. 1838இல் தகேர் என்பவர் பாரிசு நகரின் பரபரப்பான சாலையொன்றைப் படமெடுத்தார். ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அந்நிமிடங்களில் அச்சாலையில் வண்டிகள் ஓடின, மக்கள் நடந்தனர், வணிகம் நடந்தது. படத்திலோ சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவர்கள் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகிடக் கொடுத்துவிட்டு ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். மனிதரைக் காட்டும் முதல் நிழற்படம் என்று உலகம் இதையே கூறுகிறது. குனிந்து மெருகிட்டவரோ, கை அசைந்துகொண்டே இருந்ததால், தெளிவின்றி ஒரு கறைபோலத் தெரிகிறார்.

நம் தமிழகத்திலும் இதுவே நடந்தது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். அழகும் துல்லியமும் நிறைந்த அப்படங்களில் ஆள் நடமாட்டமே இல்லாததுபோல் தோன்றும். கருவி எவரையும் வெறுத்ததில்லை. வேண்டுமென்றே எவரையும் விலக்கியதுமில்லை. நிற்க நேரம் உள்ளவரை அது பதித்தது. நிற்க நேரமில்லாதவரை விட்டுவிட்டது. ஆனால் கூலிக்குச் சுமக்கிறவருக்கு நிற்க நேரம் ஏது? நிற்கும்படி எவர் அவரை அழைத்தார்? கருவியின் குறையும் சமுதாயத்தின் குறையும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்துவிட்டன. கருவியின் குறை பின்னர் நீங்கியது. விரைவாகப் பதியும் தகடுகளும் சுருள்களும் வந்தன. மற்றக் குறை நீங்கிற்றா என்பதை அவரவர் தம் வீட்டுப் படத்தொகுப்பைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். நம் வீட்டு மணவிழாப் படங்களில் சமைத்தவர்களின் முகங்கள் எத்தனை?

கடையநல்லூரின் படங்களில் இக்குறை வேறொரு வகையிலும் தென்பட்டது. இவ்வூர் நெசவால் வளர்ந்த ஊர். குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்யும் தறிகள் வீடுகளின் உள்ளறைகளில் இருந்தன. பாவு நீட்டவும் கஞ்சி போடவும் தெருவே களமாயிற்று. தார் சுற்றும் வேலையைப் பெண்களும் சிறுவரும் செய்தனர். ஆனால் நம் கைக்கு வந்த படங்களுள் தறியில் அமர்ந்தவரின் படம் ஒன்றுகூட இல்லை. லுங்கிக் கடையின் முகப்பு இருந்தது. லுங்கியை நெய்த கை இல்லை. வெளிச்சம் கடைக்கு, இருட்டு தறிக்கு.

அப்படங்களில் தேக்குக் கதவும் அகன்ற திண்ணையும் கொண்ட சில நல்ல வீடுகளும் இருந்தன. அவற்றைக் கட்டப் பணம் அனுப்பியவர்களும் படத்தில் இல்லை. அவர்கள் அப்பொழுது கடலுக்கு அப்பால் இருந்தனர். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. பிற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் சென்ற காலத்தில் இவ்வூரார் மனைவி மக்களோடு சென்றது குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் ஆண்கள் கூலி வேலைக்கும் சிறு வணிகத்துக்கும் சென்றனர். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அம்மக்கள் அமைத்த சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது. கடையநல்லூரின் பெயரால் சிங்கப்பூரில் ஒரு தெருவும் உண்டு. ஆக, கடையநல்லூரில் ஒரு வீட்டின் சுவரைக் காட்டும் படத்தில், கடலுக்கப்பால் அம்மியின் முன் குனிந்திருந்த ஒரு தாயின் தோளும் அடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால் அது இல்லாமல் அச்சுவர் இல்லை.

இவ்வாறு ஒரு கட்டடத்தைப் பார்க்கப் பழகிவிட்டால், கட்டடம் என்பது உடைமையாக மட்டும் தோன்றாது, கடனாகவும் தோன்றும். இவ்வுண்மையை நம் பகுதியில் மிக அழகாக உணர்ந்தவர் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மன்னர். தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியர், இக்கோயிலில் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் எவரோ அவரது அடியில் தாம் விழுந்து பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தார். கட்டியவர் தம் புகழைப் பொறிப்பதே உலக வழக்கம். இவரோ இன்னும் பிறவாத ஒருவரின் காலில் விழுகிறார். தாம் கட்டியது உடையும் என்று அறிந்தே கட்டினார்.

அவர் அஞ்சியபடியே நேர்ந்தது. 1924இல் மின்னல் தாக்கி அக்கோயிலின் கோபுரம் சிதைந்தது. நம் இளைஞர்கள் கொணர்ந்த படங்களுள் ஒன்று, உச்சியின்றிப் பிளந்து நின்ற அக்கோபுரத்தைக் காட்டியது. ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990இல். இடைப்பட்ட அறுபத்தாறு ஆண்டுகளில் தென்காசியில் பிறந்து வளர்ந்தவர்கள் உடைந்த கோபுரத்தையே தம் ஊரின் அடையாளமாகக் கண்டு வாழ்ந்தனர். அப்படத்தை எவரும் வெட்கி மறைக்கவில்லை, பாதுகாத்து வைத்திருந்தனர். உடைவைக் காட்டிய படம் அவர்களுக்கு அவமானமாகத் தோன்றவில்லை. செய்ய வேண்டிய ஒரு கடமையின் நினைவூட்டலாகவே இருந்தது.

கல்லில் நேர்ந்த உடைவை நாம் மறைப்பதில்லை. மனிதருக்குள் நேர்ந்த உடைவை மட்டும் ஏன் மறைக்க விரும்புகிறோம்? தேநீர்க் கடைப் படத்தைப் பற்றி எம் குழுவில் எழுந்த விவாதம் இதைத் தெளிவாகக் காட்டியது. ஒருவர், "திருவிழா நேரத்தில் பழைய புண்ணைக் கிளற வேண்டாம், படத்தை அப்படியே மாட்டுவோம், ஒன்றும் எழுத வேண்டாம்" என்றார். வேறொருவர், "படத்தையே எடுத்துவிடுவோம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை" என்றார். மூன்றாமவர் ஓர் இளைஞர். முதியவரின் தெருவைச் சேர்ந்தவர். "கடையின் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்" என்றார். கடைக்காரர் இறந்து பல ஆண்டுகளாயின. படத்தைக் கொடுத்துதவியவர் அவருடைய பேரன். நல்ல மனிதர், எல்லாரோடும் நன்கு பழகுபவர்.

மூவர் கூற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் இங்கே நமக்குத் துணை வந்தது. பொய்ச் சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளையின் கீழ்த் திருச்சபை இரண்டு குற்றங்களைப் பிரித்துக் கூறுகிறது. இல்லாத குறையை ஒருவர்மேல் ஏற்றுவது அவதூறு. உள்ள குறையையே ஆயினும், தக்க காரணமின்றி, அறியாதவரிடம் வெளிப்படுத்துவதும் குற்றமே. இறந்தவருக்கும் நற்பெயர் உண்டு. அக்கடைக்காரர் தம் பக்கத்தைக் கூற இன்று வர இயலாது. அன்றியும் அக்காலத்தில் அவ்வழக்கம் அவருடைய கடையில் மட்டும் இருந்ததன்று. ஊர் முழுவதும் செய்த ஒரு பாவத்தை ஒரு பெயரின் தலையில் சுமத்திவிட்டு, மற்ற அனைவரும் கை கழுவிக்கொள்வது நீதியாகாது.

ஆனால் மௌனமும் எப்போதும் குற்றமற்றதன்று. படத்தை எடுத்துவிட்டால், அன்று வெளியே நின்ற பெரியவரை இன்று நாம் இரண்டாம் முறை வெளியே நிறுத்துகிறோம். ஒன்றும் எழுதாமல் "அந்தக் காலத் தேநீர்க் கடை" என்று மாட்டினாலோ, பார்க்கும் பிள்ளைகள் அது எல்லாருக்கும் இனிய காலம் என்று நம்பிச் செல்வர். ஒரு சொல்லும் கூறாமலே பொய்ச் சான்று கூற முடியும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இவ்விடத்தில் நம் சொந்த வீட்டையும் மறவாதிருப்பது நேர்மை. நெல்லை மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்பக் கோவில், சாதியின் பெயரால் மக்கள் தனித்தனியே அமரும்படி, இரு கால்களைப் போன்ற இரண்டு கூடங்களோடு அமைந்தது. இடையில் தடுப்புச் சுவரும் இருந்தது. இருபுறத்தாரும் கண்டது ஒரே பீடத்தை. உண்டது ஒரே அப்பத்தை. 1910இல் இயேசு சபையைச் சேர்ந்த கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிக்கச் செய்தார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது, ஆனால் சுவர் மீண்டும் எழவில்லை. அக்கோவிலின் முகப்பை மட்டும் ஒருவர் படமெடுத்திருந்தால், உள்ளே ஒரு சுவர் இருந்ததை அப்படம் சொல்லியிராது. கோவிலில் வீழ்ந்த சுவர் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் நிற்பதை நாம் அறிவோம். ஆதலால் தேநீர்க் கடைக்காரரைத் தீர்ப்பிடும் தகுதி நமக்கு இல்லை. உண்மையை ஒப்புக்கொள்ளும் கடமையோ நிரம்ப உண்டு.

இவ்வாறெல்லாம் சிந்தித்து, படத்தின் கீழ் வைக்க நாமே ஒரு வாசகம் எழுதினோம்: "அக்காலத்தில் நிலவிய சில வழக்கங்களின் காரணமாக, அனைவரும் கடையினுள் அமர இயலாதிருந்தது." எவரையும் புண்படுத்தாத வாசகம் என்று நமக்குள் ஒரு நிறைவு. முதல் நாள் காலையில் பெரியவர் வந்தார். பேத்தி அதை உரக்க வாசித்துக் காட்டினாள். பெரியவர் எம்மைப் பார்த்து, சினமின்றி, ஐயம் கேட்பவரைப் போலக் கேட்டார்: "வழக்கமா சாமி வெளியில நின்னுச்சு? நாந்தான நின்னேன்."

இறையியல் நூல்கள் கற்றுத்தராத ஒன்றை அவ்வொரு கேள்வி கற்றுத்தந்தது. நம் வாசகத்தில் யாரும் நிறுத்தவில்லை, யாரும் நிற்கவுமில்லை, வழக்கம் மட்டுமே இருந்தது. குற்றவாளியின் பெயரை மறைப்பதாக எண்ணிக்கொண்டு, துன்புற்றவரை நாம் மறைத்துவிட்டோம். படத்தில் அவர் மங்கலாகத் தெரிந்தது கருவியின் குறை. வாசகத்தில் அவர் மறைந்துபோனது நம் குறை.

உடனே அத்தாளை எடுத்துவிட்டு வேறு எழுதினோம்: "இடது ஓரத்தில், கடைக்கு வெளியே நிற்பவர் நூல் பேல் சுமந்தவர்களுள் ஒருவர். அவர்கள் உள்ளே அமர அனுமதிக்கப்படவில்லை. வெளியே நின்று, தனிக் குவளையில் அருந்தினர். அவர்களும் இவ்வூரார்." கடையின் பெயரை எழுதவில்லை.

இரண்டாம் நாள் மாலையில் கடைக்காரரின் பேரன் குடும்பத்தோடு வந்தார். நமக்கு உள்ளூர அச்சம். அவர் வாசித்தார், மீண்டும் ஒருமுறை வாசித்தார், ஒன்றும் கூறாமல் சென்றுவிட்டார். மறுநாள் தனியே வந்து, அந்தப் பெரியவரின் வீடு எங்கே என்று கேட்டார். நாமும் உடன் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, "தாத்தா, உங்க அப்பா பேரு என்ன?" என்று அவர் கேட்டார். பெரியவர் சற்றே திகைத்தார். அதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் அக்கடை வீட்டுச் சிறுவர்கள்கூட அவருடைய தந்தையைப் பெயர் சொல்லி, ஒருமையில்தான் அழைப்பார்களாம். ஏவுவதற்கு மட்டுமே பயன்பட்ட அப்பெயரைப் பேரன் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "படத்துக்குப் பின்னால எங்க தாத்தா பேரு மட்டுந்தான் இருக்கு. இதையும் எழுதி வைக்கிறேன்" என்றார். பெரியவர் தலையசைத்தார். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினர்.

இதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அத்தெரு இளைஞர் பின்னர் எம்மிடம், "பேரு எழுதினா போதுமா சாமி?" என்று கேட்டார். போதாது என்றே நாமும் விடையளித்தோம். நினைவு நீதியின் இடத்தை நிரப்பாது. ஆனால் நினைவு இல்லாத இடத்தில் நீதி தொடங்கவும் இயலாது. என்ன நடந்தது என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் எதைத் திருத்துவர்?

மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியையும் பதின்மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் சேர்த்து வாசிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். அதிகார எண் இடையே வருவதால் இவற்றை நாம் பெரும்பாலும் பிரித்தே வாசிக்கிறோம். இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, ஏழைக் கைம்பெண் ஒருவர் இரு செப்புக் காசுகளைப் போடுவதைக் கண்டு, சீடர்களை அழைத்து அவரைக் காட்டுகிறார். அடுத்த காட்சியிலேயே கோவிலைவிட்டு வெளியே வருகையில், சீடர் ஒருவர் அக்கோவிலின் கற்களையும் கட்டடங்களையும் காட்டி வியக்கிறார். சற்று முன்னர்தான் காட்டப்பட்ட கைம்பெண்ணை அவர் மறந்துவிட்டார்! கல்லின்மேல் கல் இராது என்று ஆண்டவர் கூறினார், கி.பி. 70இல் அவ்வாறே ஆயிற்று. கட்டடம் போயிற்று, இரு காசு போட்டவர் இன்றும் நற்செய்தியில் நிற்கிறார். சீடர்கள் நோக்கியது முகப்பை. ஆண்டவர் நோக்கியது ஓரத்தை.

திருவுருவங்களைப் பற்றி 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று கற்பித்தது. கடைகளின் படங்கள் திருவுருவங்கள் அல்ல. எனினும் பார்வை படத்தோடு நின்றுவிடாமல் ஆளிடம் செல்ல வேண்டும் என்னும் நெறி இங்கும் பொருந்தும். பழைய ஊரின் படத்தைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகையில், நம் அன்பு ஓட்டையும் தூணையும் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறதா, அல்லது அவற்றின் கீழும் வெளியும் வாழ்ந்தவர்களைச் சென்று சேர்கிறதா?

இறுதியாக வாசகர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஒவ்வோர் ஊரிலும் நிழற்படக் கூடங்கள் மூடப்பட்டபோது, கண்ணாடித் தகடுகள் வெறும் கண்ணாடியாகவும், படச்சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காகவும் விலைபோயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய நிழற்படக் கூடங்களின் படங்களைத் தேடிப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணியைச் செய்துள்ளது. அத்தகைய பெரும்பணி நம்மால் இயலாது போகலாம். நம் வீட்டுப் பெட்டியில் உள்ளதைக் காப்பது இயலும். பழைய படங்களுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டாதீர்கள். பின்னர் பிரிக்க முடியாமற்போகும். வீட்டில் முதியவர் ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவரருகில் அமர்ந்து, படத்தில் உள்ளவர் யார், எந்த ஆண்டு என்று கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். அத்தோடு இன்னும் ஒன்று கேளுங்கள்: "இந்தப் படத்தில் இல்லாதவர் யார்? ஏன் இல்லை?" அதையும் எழுதுங்கள். எழுதக் கூசினால், எங்கே கூசுகிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இடிந்து கிடந்த எருசலேமை நோக்கி, தம் உள்ளங்கைகளில் அவளைப் பொறித்து வைத்திருப்பதாகவும், அவளுடைய மதில்கள் எப்போதும் தம் கண்முன் இருப்பதாகவும் ஆண்டவர் எசாயா வழியாகக் கூறினார். இல்லாத மதில்களையும் காண்பவர் அவர். கடையநல்லூரின் இடிந்துபோன கடைகளும், இல்லாமற்போன திண்ணைகளும், கடல் கடந்த அம்மிகளும் அவர் கண்முன் இருக்கின்றன. அசைந்ததனால் மங்கிப்போன முகமும் அங்கே தெளிவாக இருக்கிறது. அப்பார்வையில் ஒரு சிறு பங்கையேனும் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

அந்தப் பெரியவர் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவருடைய தந்தையின் பெயர் அந்தத் தேநீர்க் கடைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது.